நிற்காது என்று எழுதியவன்

இருபத்துமூன்று வருடமாக நான் பல் கட்டுகிறவன். மாடியில் டாக்டரம்மா நோயாளியின் வாயை அச்செடுத்துக் கீழே அனுப்புவார். கீழே லேபில் அந்த அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றித் தாடையின் மாதிரி எடுப்போம். மாதிரியின் மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, ஈறு நிறத்தில் பிளாஸ்டிக் வார்த்து, மெருகு போட்டு மேலே அனுப்பினால் முடிந்தது வேலை. இதில் பல் நடுகிற நாற்காலி என்னுடையது. வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

கட்டிய பல் வாயில் சரியாக உட்காரவில்லை என்றால் சிவப்புச் சீட்டோடு திரும்பி வரும். மற்றவர்களுக்கு மாதம் நாலைந்து வரும். எனக்குப் பன்னிரண்டு வருடமாக ஒன்றுகூட வரவில்லை. இந்தப் பெருமையை அடக்கமாக வைத்துக்கொண்டேன் என்று புளுக மாட்டேன். வேலைக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே என் அலமாரியைத் திறந்து காட்டுவேன். "நல்லா பாத்துக்க, எங்கயாவது சிவப்பு தெரியுதா?" என்பேன்.

அந்தப் பெருமை எப்படி வந்தது என்பதை மட்டும் காட்ட மாட்டேன். காலையில் மாதிரிகள் தட்டில் வரிசையாக வந்து நிற்கும். முதலில் பார்க்கிறவன் நான். மேடான, கெட்டியான ஈறுகளை என் பக்கம் இழுத்துக்கொள்வேன். கீழ்த்தாடை தேய்ந்து மொட்டையாகக் கிடந்தால், அதன் சீட்டில் பென்சிலால் 'நிற்காது' என்று எழுதி ஓரம் கட்டிவிடுவேன். மேல் செட்டுக்கு அண்ணம் முழுக்க ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. கீழ் செட்டுக்கு ஈறு மேடு ஒன்றுதான் பிடிமானம். அது இல்லையென்றால் ஈரத் தரையில் சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். 'நிற்காது' என்று நான் எழுதினால் பழைய டாக்டர் மறுபேச்சு பேசமாட்டார். "உங்க ஈறு அப்படி, என்ன செய்யறது" என்று நோயாளியை அனுப்பிவிடுவார்.

அவர் ஓய்வு பெற்றுப் போய், இரண்டு வருடம் முன்பு இந்த டாக்டரம்மா வந்தார். அவர் வந்த கொஞ்ச நாளில் மாவு வந்தாள்.

மாவு என்பது நான் வைத்த பெயர். செருப்புக் கம்பெனியில் பதினோரு வருடம் அடி ஒட்டிக்கொண்டிருந்தவள், கம்பெனி மூடியதும் எங்களிடம் மாவு கலக்க வந்தாள். நாற்பது வயதிருக்கும். எப்போது பார்த்தாலும் முழங்கை வரை வெள்ளையாக இருப்பாள். முதல் மாதம் அவள் ஊற்றிய மாதிரிகளில் பாதி காற்றுக்குமிழியோடு வந்தது. தாடை என்று நினைத்து எடுத்தால் அதில் ஓட்டைகளை எண்ணலாம். நான் சும்மா இருப்பேனா? "இது யாரோட தாடைம்மா, எறும்பு குடியிருந்ததா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாள் தண்ணீரை ஒரு மூடி குறைத்துக் கலந்தாள். அதற்கு மறுநாள் அரை மூடி. மூன்றாவது மாதம் அவள் மாதிரியில் குமிழி தேடினால் கண்தான் வலித்தது.

ஒருநாள் என்னிடம் வந்து, "மாஸ்டர், நீங்க ஓரங்கட்டறதெல்லாம் நான் எடுத்துக்கட்டுமா?" என்றாள்.

"எத?"

"அந்த 'நிற்காது' போடறத. டாக்டரம்மா சரின்னுட்டாங்க. ஆளுங்ககிட்ட முதல்லயே சொல்லிடுவாங்களாம், இது முயற்சி தான், சரியா வரலன்னா திரும்பத் திரும்பச் செய்வோம்னு."

"நிக்காதுன்னு நான்தான் எழுதியிருக்கேனே."

"ஆமா மாஸ்டர். எதனால நிக்காதுன்னு எழுதலையே."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எடுத்துக்கொள் என்றேன். நாலு சிவப்புச் சீட்டு வந்தால் தானாக அடங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

நாலு வந்தது. எட்டு வந்தது. பதினைந்து வந்தது. அவள் அடங்குகிற பாடாக இல்லை. ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் ஏதோ கிறுக்கி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். "மாவு, உனக்குச் சீட்டு அச்சடிக்கவே ஒரு ஆள் போடணும் போலிருக்கே" என்று சீண்டினேன். "போடுங்க மாஸ்டர், பின்பக்கம் கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்க. எழுத வசதியா இருக்கும்" என்றாள். கிண்டலுக்கு அசராத ஆளை என்ன செய்வது? பேசாமல் என் வேலையைப் பார்த்தேன். அந்தச் சீட்டுகளில் சில, மூன்றாவது நான்காவது முறைக்குப் பிறகு வருவது நின்றுபோனதை நான் கவனிக்காமல் இல்லை. கவனிக்காதது போல இருந்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. தட்டில் வந்த ஒரு கீழ்த்தாடையைக் கையில் எடுத்தேன். எங்கள் சீட்டில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். வழக்கம்போல மொட்டை. பென்சிலை எடுக்கப் போனபோது கட்டைவிரலில் ஏதோ தட்டுப்பட்டது. இடப்பக்கம், நாக்குக்கு அடியில் வருகிற இடத்தில், பயறு அளவில் ஒரு எலும்பு மேடு. அதற்கு நேர் எதிரே, உதடு ஒட்டுகிற இடத்தில் சற்றே கோணிய ஒரு சதை மடிப்பு. முகத்தை மறந்தாலும் மறப்பேன், நான் ஒரு முறை வேலை செய்த தாடையை மறக்க மாட்டேன். அது என் அக்காவின் தாடை.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தவள். எந்த வண்டி, எந்த நடைமேடை, எவ்வளவு தாமதம் என்று அவள் சொன்னால் தாமதமான வண்டிமேல்கூடக் கோபம் வராது என்பார்கள். அப்படிப்பட்ட குரல். ஈறு நோய் வந்து ஐம்பத்துமூன்று வயதில் பல் முழுதும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. "எதுக்குக் கவலப்படற, நான் எதுக்கு இருக்கேன்" என்றேன். ஊருக்கெல்லாம் கட்டுகிறவன் அக்காவுக்குக் கட்டமாட்டேனா? என் ஆயுசிலேயே அழகான செட்டை அவளுக்குத்தான் கட்டினேன். அவளுடைய கல்யாணப் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பழைய அகலச் சிரிப்பு அப்படியே வரும்படி பல்லைப் பல்லாகப் பார்த்து நட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவள் வீட்டில் சாப்பாடு. சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். மாமா ஏதோ ஒரு கதை சொல்ல, அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கீழ் செட் அப்படியே எழும்பி, பாதி வெளியே வந்து, தட்டில் விழுந்தது. சம்பந்தியம்மா தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா செட்டைக் கைக்குள் மூடிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

பின்னாலேயே போனேன். அவள் குழாயடியில் நின்றுகொண்டு, "என்னடா ஆச்சு?" என்று கேட்டாள். அழவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"உன் ஈறு அப்படிக்கா. மொட்டை. இதுல எதுவும் நிக்காது" என்றேன்.

அவள் நம்பினாள். பதினெட்டு வருட அனுபவக்காரன், கூடப் பிறந்தவன் சொல்கிறேன், நம்பாமல் என்ன செய்வாள்? அதற்குப் பிறகு கீழ் செட்டை அவள் போடவே இல்லை. மைக் முன்னால் சொற்கள் வழுக்கின. அவளாகவே எழுதிக்கொடுத்துப் பின்னறையில் கோப்பு அடுக்குகிற வேலைக்கு மாறிக்கொண்டாள். "எனக்கு இனிமே பேசற வேலை ஒத்துவராதுடா" என்றாள். விசேஷங்களில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சமையலறையில் தனியாக உட்கார்ந்து, ரொட்டியைப் பாலில் ஊறவைத்து விழுங்குவாள். யார் கேட்டாலும் "என் வாய் அவ்வளவுதான்" என்பாள். நான்தான் சொல்லிக்கொடுத்த வாக்கியம். அவளுடைய செட் எந்தச் சீட்டோடும் திரும்பி வராததால் என் பன்னிரண்டு வருடப் பெருமைக்குப் பங்கம் வரவில்லை.

அந்தத் தாடைதான் இப்போது என் கையில் இருந்தது. ஐந்து வருடம் கழித்து, எனக்குத் தெரியாமல், என் தலைக்கு மேலேயே மாடிப்படி ஏறி வந்து அச்சுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். மாதிரியைத் தட்டில் வைத்தேன். பென்சிலால் ஒன்றும் எழுதவில்லை. ஓரமாக மட்டும் நகர்த்தினேன். மாவு வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு வாரத்தில் முதல் சிவப்புச் சீட்டு வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பார்த்தாயா, நான் சொன்னது சரிதான் என்று மனம் துள்ளியது. ஒரு நிமிடம்தான். பிறகு சிங்க்கில் கையைக் கழுவினேன், இரண்டு முறை கழுவினேன்.

அடுத்து ஒருநாள் டீ குடிக்கும்போது மாவு தானாகச் சொன்னாள். "அந்த மொட்டைக் கேஸ் அம்மா இருக்காங்களே மாஸ்டர், செம ஆளு. வாயில மிருதுவான மெழுகு வெச்சு, ஏதாவது பேசுங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. பேசப் பேச நாக்கும் கன்னமும் மெழுக இடிச்சு, பல்லு எங்க நிக்கலாம்னு அதுவே காட்டிடும்ல? அதுக்காக. எல்லாரும் ஒண்ணு ரெண்டு மூணுதான் எண்ணுவாங்க. இவங்க ரயில் அறிவிப்பு சொல்றாங்க! அஞ்சு நிமிஷம், மூச்சு விடாம. வெளிய உக்காந்திருந்த ஆளு ஒருத்தர் தன் பெட்டிய எடுத்துட்டு எழுந்துட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

இரண்டாவது செட்டும் சிவப்புச் சீட்டோடு வந்தது. மூன்றாவது செட்டை மாவு மேலே அனுப்பிய வாரம், ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா கூடத்தில் செய்தித்தாளோடு இருந்தார். சமையலறையில் அக்கா என்னைக் கவனிக்காமல் பக்கவாட்டில் நின்றிருந்தாள். கையில் ஒரு ரொட்டித் துண்டு. இடப்பக்கம் கடித்தாள், நிறுத்தினாள், விரலால் எதையோ அழுத்திவிட்டாள். வலப்பக்கம் கடித்தாள். மறுபடி விரல். முகத்தில் சலிப்பே இல்லை. பூட்டைத் திறக்காத சாவியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறவள் போல நின்றாள். என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டு, வாயிலிருந்ததைக் கைக்குள் எடுத்து மூடினாள்.

"வாடா. எப்ப வந்த?"

"கையில என்னக்கா?"

பிறகு கையைத் திறந்து காட்டினாள். பல் வரிசை கோணல்மாணலாக இருந்தது. மாவின் கைவேலைக்கு அழகு பற்றாது. "சோதனைக்குக் கொடுத்திருக்காங்க. நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணும். உனக்குச் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன்."

"ஏன்?"

"நீதான் நிக்காதுன்னு சொல்லிட்டியே. உன் பேச்சை மீறிப் போன மாதிரி ஆகாதா? உன் மனசு சங்கடப்படும்." அவள் செட்டைத் தண்ணீரில் போட்டாள். "அந்த டாக்டரம்மா சொன்னாங்கடா, நிக்காதுன்னு இல்ல, இன்னும் நிக்கலன்னு. ஒரு வார்த்தைதான். அதக் கேட்டதும் அன்னிக்கு வீட்டுக்கு நடந்தே வந்தேன், பஸ்ஸுக்கு நிக்கத் தோணல."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்தான். "ரொம்ப ஆசை வெச்சுக்காதக்கா" என்ற சொற்கள்தான் வெளியே வந்தன.

அவள் தலையை ஆட்டினாள். "ஆசையெல்லாம் இல்லடா. செஞ்சு பாக்கறேன், அவ்வளவுதான்" என்று சொல்லி, எனக்குத் தட்டு எடுத்து வைத்தாள். கூட உட்கார்ந்து சாப்பிடச் சொன்னேன். அப்புறம் சாப்பிடுகிறேன் என்றாள்.

திங்கட்கிழமை மாவு வருவதற்கு முன்பே லேபுக்குப் போய் அந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். நாற்பத்தொரு சீட்டு இருந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் அவளுடைய குண்டு எழுத்து. 'தண்ணி குடிக்கும்போது தூக்குது. நாக்குக்கு இடம் பத்தல.' 'வலப்பக்கம் கடிச்சா இடப்பக்கம் தூக்குது. கடைவாய்ப் பல் சின்னதா வைக்கணும்.' நடுவில் ஒன்று: 'மாஸ்டர் வைக்கற மாதிரி ஈறுக்கு வெளிய அகலமா அழகா வெச்சேன். சிரிச்சா கன்னம் தள்ளித் தூக்கிடுது. மேடான ஈறுக்கு அது சரி, மொட்டைக்கு ஒத்துவராது.' அதற்குக் கீழே வேறு பேனாவில்: 'அடுத்த தடவ உள்ள தள்ளி வெச்சேன். நின்னுச்சு!'

அந்த ஆச்சரியக்குறியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் போட்டோவைப் பார்த்துப் பார்த்து நான் அகலமாக நட்ட பல் வரிசை கண் முன்னால் வந்தது. சிரித்தபோது விழுந்தது. கடிக்கும்போது அல்ல, பேசும்போது அல்ல, சிரித்தபோது. ஈறு ஒரு பாவமும் செய்யவில்லை. அழகாகத் தெரிய வேண்டும் என்று நான் தள்ளி வைத்த பல்லைக் கன்னம் நெம்பித் தூக்கியிருக்கிறது. அன்றைக்கே ஒரு சீட்டு எழுதிப் பின்பக்கம் யோசித்திருந்தால் ஒரு மாதத்தில் எனக்கும் இது விளங்கியிருக்கும். எனக்குக் கை இருந்தது. தப்பாகப் போனதைத் திரும்பிப் பார்க்கிற துணிச்சல் இல்லை.

மாவு வந்து, டப்பா என் மடியில் இருப்பதைப் பார்த்துக் கதவருகேயே நின்றாள்.

"இந்த மொட்டை வேலை எனக்குத் தெரியாது. எனக்குக் காட்டுறியா?" என்றேன். அந்த லேபில் நான் 'தெரியாது' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கூரை இடிந்து விழவில்லை.

அவள் ஜெயித்த முகம் காட்டுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நல்லதாப் போச்சு மாஸ்டர். எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியுது, நேரா வைக்கத்தான் வரல" என்றாள். அன்று முழுக்க அவள் இடம் சொன்னாள், நான் நட்டேன். பழக்க தோஷத்தில் என் கை அகலமாகவே போகும். "உள்ள, மாஸ்டர், இன்னும் உள்ள" என்று அவள் மெழுகுக் கத்தியின் காம்பால் என் விரலைத் தட்டுவாள். மூன்று முறை பிடுங்கி நட்டேன். எரிச்சலாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, தட்டை நானே மாடிக்கு எடுத்துப் போனேன். மாவும் கூட வந்தாள். அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீ எங்கடா இங்க?"

"இந்தத் தடவ நான்தான் நட்டேன்க்கா. இவங்க சொல்லிக்கொடுத்தாங்க."

அவள் மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை என்று தெரிந்தது. நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"அக்கா, உன் ஈறுல எந்தத் தப்பும் இல்ல. அன்னிக்கு நான்தான் தப்பா வெச்சேன். அழகா இருக்கணும்னு அகலமா வெச்சேன், அதான் விழுந்துச்சு. ஏன் விழுந்துச்சுன்னு அப்ப எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனால உன் ஈறு மேல பழியப் போட்டுட்டேன்."

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ எழுத ஆரம்பித்தார். அக்கா மடியில் விரித்திருந்த துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அஞ்சு வருஷம்டா" என்றாள்.

"ஆமாக்கா."

"நீ தெரியலன்னு மட்டும் சொல்லியிருந்தா, தெரியற வரைக்கும் உன்கிட்டயே வந்துட்டு இருந்திருப்பேனே. எத்தன தடவ விழுந்தாலும் வந்திருப்பேனே. நான் உன் அக்காடா."

கண்ணீர் என் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொள்ளலாம் என்றால் கையில் உறை இருந்தது. மாவு பின்னாலிருந்து ஒரு டிஷ்யூவை என் முழங்கை மடிப்பில் செருகினாள்.

"சரி, போடு பாக்கலாம்" என்று அக்கா வாயைத் திறந்தாள்.

வைத்தேன். பேசச் சொன்னோம், நின்றது. தண்ணீர் குடிக்கச் சொன்னோம், நின்றது. ரொட்டியைக் கடித்தபோது வலப்பக்கம் மெல்ல எழும்பியது. நான் செட்டை வெளியே எடுத்து, எங்கே எழும்பியது என்று மாவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, "இன்னும் சரியா வரலக்கா. அடுத்த செவ்வாய் வர்றியா?" என்றேன்.

வந்தாள்.